இரண்டாவது வாரமே சொல்லியிருக்க வேண்டும்

மதுரையில் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிறிய பேச்சுப் பயிற்சி மையம் ஒன்றை நடத்தி வருகிறேன். இரண்டு அறைகள், வெளியே பெற்றோர் உட்கார நாற்காலிகள், உதவிக்கு ஒரு பெண், அவ்வளவுதான். பேச்சு வராத குழந்தைகள், காது கேட்கும் கருவி மாட்டிய குழந்தைகள், திக்கிப் பேசும் கல்லூரிப் பிள்ளைகள், பக்கவாதத்துக்குப் பிறகு சொல் கிடைக்காமல் தவிக்கும் பெரியவர்கள் என்று ஒரு நாளைக்கு எட்டுப் பேரைப் பார்ப்பேன். போன ஆண்டு ஒரு கல்லூரியிலிருந்து போன் வந்தது. பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு மாணவர்கள் மூன்று பேரைப் பன்னிரண்டு வாரப் போஸ்டிங்குக்கு, அதாவது நேரடிப் பயிற்சிக்கு, எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். கேட்ட மாத்திரத்தில் சரி என்றேன். நான் படித்த காலத்தில் ஒரு மேடம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததை இன்றும் மறக்கவில்லை. அந்தக் கடனைத் தீர்க்க இது வழி என்று தோன்றியது.

பன்னிரண்டு வாரம் முடிந்தபோது கணக்குப் பார்த்தேன். 54,000 ரூபாய் வருமானம் போயிருந்தது. இரண்டு குடும்பங்கள் என்னை விட்டு விலகியிருந்தன. ஒரு மாணவன் என் எதிரே உட்கார்ந்து அழுதிருந்தான், அதற்குக் காரணம் நான்தான். யாராவது முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அடுத்து மாணவர்களை ஏற்கப் போகிறவர்களுக்கு அந்த நாலு வார்த்தையை நான் சொல்கிறேன்.

முதல் நாள் மூவரும் காலை ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள். வெள்ளை கோட்டு, புது நோட்டு, கையில் சாப்பாட்டுப் பை. என்னிடம் அவர்களுக்கான திட்டம் எதுவும் இல்லை. "இன்று பாருங்கள், நாளை செய்யலாம்" என்றேன். அந்த நாளை நான்கு நாட்கள் கழித்துத்தான் வந்தது. அறையின் மூலையில் மூன்று பேர் நோட்டோடு நிற்க, நடுவில் நான் ஒரு மூன்று வயதுக் குழந்தையோடு பாயில் உட்கார்ந்திருக்கிறேன். குழந்தை என்னைப் பார்க்கவே இல்லை, அந்த ஆறு கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று பேரை ஒரே நேரத்தில் ஒரு சிறிய அறைக்குள் விடக்கூடாது என்பது அன்றைக்கே புரிந்தது. இரண்டு பேர் போதும். ஒருவர் செய்யும்போது மற்றவர் ஒரு வேலையோடு கவனிக்க வேண்டும். "இந்தப் பத்து நிமிடத்தில் குழந்தை எத்தனை முறை தானாக எதையாவது கேட்டான் என்று மட்டும் எண்ணு" என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் கவனிப்பவரும் கற்றுக்கொள்வார். வேலை கொடுக்காமல் நிற்கவைத்தால் கால்தான் வலிக்கும்.

நேரத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாணவரின் பாடத் திட்டத்தைப் படித்துத் திருத்த, அமர்வைப் பார்க்க, பிறகு பேச, அறிக்கையைச் சரிசெய்ய என்று எவ்வளவு சுருக்கினாலும் ஒருவருக்கு நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் வேண்டும். மூன்று பேருக்கு இரண்டு மணி நேரம். எட்டு அமர்வுகளையும் குறைக்காமல் இதையும் மேலே ஏற்றிக்கொண்டதால் முதல் நான்கு வாரம் இரவு ஒன்பதரைக்குத்தான் மையத்தைப் பூட்டினேன். வீட்டுக்குப் போனால் என் மகள் தூங்கியிருப்பாள். ஐந்தாவது வாரம் நாளுக்கு இரண்டு அமர்வுகளைக் குறைத்தேன். ஓர் அமர்வு 450 ரூபாய், வாரம் ஆறு நாள், மீதி எட்டு வாரம்: 43,200 ரூபாய். கல்லூரியிலிருந்து எனக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பணம் தர வழி இல்லையென்றால் சோதனைத் தொகுப்புகளையோ, அங்கே நடக்கும் பயிற்சி வகுப்பில் ஓர் இடத்தையோ கேட்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தோன்றியது. எதுவும் கிடைக்காவிட்டாலும் முதல் வாரத்திலேயே அமர்வுகளைக் குறைத்துவிடுங்கள்.

மூவரில் ஒரு பெண் கன்னியாகுமரிப் பக்கத்தவள். நன்றாகப் படித்தவள், வேகமானவள். ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு உச்சரிப்புச் சோதனை செய்து அறிக்கை கொண்டுவந்தாள். ரகரம் வரவில்லை, சரி. அதற்குக் கீழே 'ழகரம் பிழை' என்று எழுதி, அதைச் சரிசெய்ய இருபது அமர்வுக்கு ஒரு திட்டமும் போட்டிருந்தாள். படத்தைக் காட்டியதும் சிறுவன் 'வாளப்பளம்' என்று சொல்லியிருக்கிறான். நான் ஒன்றும் சொல்லாமல் அவளை வெளியே அழைத்துப்போய், சிறுவனின் பாட்டியோடு ஐந்து நிமிடம் பேசிவிட்டு வரச் சொன்னேன். பாட்டி ஊர்க் கோயில் திருவிழாவைப் பற்றிப் பேசினார்கள், வாங்கிவந்த பழத்தைப் பற்றிப் பேசினார்கள். திரும்பி வந்தவள் நோட்டைத் திறந்து அந்த வரியை அடித்தாள். பாட்டி வாயிலும் பளம்தான், அம்மா வாயிலும் பளம்தான். வீட்டில் யாரிடமும் இல்லாத ஒலியைக் குழந்தையிடம் தேடிப் பிழை என்று எழுதினால், நோயில்லாதவனுக்கு மருந்து கொடுத்த கதைதான். மதுரை, திருநெல்வேலிப் பக்கம் வேலை செய்கிறவர்கள் முதல் வாரமே மாணவர்களுக்கு இதைக் காட்டிவிட வேண்டும். ரகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேலை செய்தாள். சிறுவன் இப்போது நன்றாகப் பேசுகிறான்.

பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் இன்னொரு இடத்தில் இடித்தன. படிப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடப்பதால், மாணவர்கள் குழந்தையிடம் எழுத்துத் தமிழிலும், அம்மாவிடம் பாதி ஆங்கிலத்திலும் பேசினார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்குக் கற்றுத்தரும் முதல் வாக்கியம் அவன் அம்மா அடுப்படியில் சொல்கிற வாக்கியமாக இருக்க வேண்டும். பாடப்புத்தகத்து வாக்கியத்தைக் கற்றுத்தந்தால் வீட்டில் யாரும் அதைத் திருப்பிச் சொல்ல மாட்டார்கள், குழந்தைக்கும் நிற்காது. ஒருநாள் ஒரு மாணவி ஒரு தாயிடம், "உங்கள் பையனுக்கு ஜாயின்ட் அட்டென்ஷன் குறைவு" என்றாள். அந்த அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து என்னிடம், "காதில் ஏதும் பிரச்சினையா மேடம்?" என்று பதறிப்போய்க் கேட்டார்கள். அன்று மாலை மூவரையும் உட்காரவைத்து, அதையே தமிழில் சொல்லுங்கள் பார்க்கலாம் என்றேன். அரை மணி நேரம் போராடிக் கடைசியில் இப்படி வந்தது: "ஜன்னலில் காக்கையைக் காட்டினால் அவனும் காக்கையைப் பார்க்கிறானா, பார்த்துவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா?" அந்த அம்மாவுக்கு மறுநாள் இதைச் சொன்னதும், "முகத்தைப் பார்க்க மாட்டான்" என்று உடனே பதில் வந்தது. அதன்பிறகு தினமும் ஒரு சொல்லை எடுத்து, பெற்றோருக்குப் புரியும்படி சொல்லிக்காட்டுவதை வழக்கமாக்கினோம். பன்னிரண்டு வாரத்தில் நான் செய்த உருப்படியான வேலைகளில் இது ஒன்று.

இனி நான் செய்த தவறுகள். கன்னியாகுமரிப் பெண் நான்கு வயதுக் குழந்தை ஒன்றிடம் படம் படமாகக் காட்டி, "இது என்ன? இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே போனாள். குழந்தைக்குப் பதில் சொல்ல ஒரு நொடி இடம் கிடைக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "கொஞ்சம் வாயை மூடிக் காத்திரு" என்று தாய்க்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது, குரல் அடங்கிப்போனது. தாயின் முகமும் மாறியது. இரண்டு நாள் கழித்து அந்த அம்மா, "நான் உங்களை நம்பித்தான் வந்தேன் மேடம், கற்றுக்கொள்கிறவர்களிடம் என் பிள்ளையைக் கொடுக்க வரவில்லை" என்று சொல்லிவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். நியாயமான கோபம். பெற்றோரிடம் முன்பே பேசி, மாணவர் உட்காரச் சம்மதமா என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உண்டு என்று தெரியப்படுத்தியிருக்க வேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை. இப்போது செய்கிறேன். கூடவே இன்னொன்று: முதல் மூன்று வாரம் மாணவர் நடத்துவது என் அமர்வு முடிந்தபிறகு இருபது நிமிடக் கூடுதல் நேரம், கட்டணம் கிடையாது. பெற்றோருக்கு எதையும் இழந்த உணர்வு வருவதில்லை.

காத்திருப்பதைக் கற்றுக்கொடுக்கவும் சொல்லைவிட நல்ல வழி உண்டு. பிறகு ஒருநாள் அதே மாணவியை வேறொரு குழந்தையோடு உட்காரவைத்து, நான் பின்னால் உட்கார்ந்தேன். சோப்புக் குமிழி ஊதும் குப்பியைக் கையில் எடுத்து ஒரு முறை ஊதிவிட்டு, மூடியைத் திருகிக் குழந்தையின் முன்னால் வைத்துவிட வேண்டும். பிறகு தொடையின் மேல் விரலால் மெதுவாகப் பத்து எண்ண வேண்டும், வாய் திறக்கக் கூடாது. ஏழாவது விரலில் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அசையவில்லை. ஒன்பதாவது விரலில் குழந்தை குப்பியை எடுத்து அவள் உள்ளங்கையில் திணித்து, "ஊ" என்றது. அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு காத்திருப்பதைப் பற்றி நான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு தவறு உயிரோடு விளையாடியது. பக்கவாதம் வந்த அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர், விழுங்குவதில் சிரமம். தண்ணீர் போன்ற நீர்ப்பொருள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் ஆபத்து இருந்ததால், கெட்டிப் பதத்தில்தான் எதுவும் கொடுக்கலாம் என்று வைத்திருந்தோம். மகள் மருந்துக் கடைக்குப் போயிருந்தார், நான் பக்கத்து அறையில். பெரியவர் தாகம் என்று சைகை காட்ட, இரண்டாவது மாணவி இரக்கப்பட்டுத் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்துவிட்டாள். இருமல் சத்தம் கேட்டு ஓடினேன். முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிந்து, குரல் கரகரவென்று நனைந்திருந்தது. முன்னால் சாய்த்து இருமவிட்டோம். சில நிமிடத்தில் மூச்சு சீரானது. அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. நுரையீரலுக்குள் போயிருந்தால் ஓரிரண்டு நாளில் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் தொடங்கலாம். இருமலே வராமல் உள்ளே இறங்குவதும் உண்டு, அது இன்னும் மோசம். மருத்துவரிடம் அன்றே அனுப்பிவைத்தேன். மூன்று நாள் காலையும் மாலையும் போன் செய்து காய்ச்சல் பார்க்கச் சொன்னேன். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை. மகளிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர்கள் அப்பாவை வேறு இடத்துக்கு அழைத்துப்போய்விட்டார்கள். இந்த இரண்டு குடும்பங்களின் இடமும் ஒரு மாதம் காலியாகக் கிடந்தது, 10,800 ரூபாய்.

அந்த மாணவியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. 'நீர் கொடுக்கக் கூடாது' என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை, அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். 1992-ஆம் ஆண்டு சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவர்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். மாணவருக்கு அந்தப் பதிவு இன்னும் இல்லை. அறிக்கையில் போகும் பதிவு எண் என்னுடையது, பொறுப்பும் என்னுடையது. ஆகவே தனியாகச் செய்யக்கூடாதவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். விழுங்கல் சிக்கல் உள்ளவருக்கு வாயில் எதையும் கொடுப்பது, குழந்தைக்கு என்ன குறை என்று பெற்றோரிடம் பெயர் சொல்வது, குழந்தையைச் சொந்தப் போனில் படம்பிடிப்பது, பெற்றோருக்குச் சொந்த எண்ணிலிருந்து செய்தி அனுப்புவது. நான்கே நான்குதான். முதல் நாள் படித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

மூன்றாவது மாணவனைப் பற்றி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். அமைதியான பையன். குழந்தைகள் அவனைக் கண்டாலே மடியில் ஏறிக்கொள்ளும். ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. அவன் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவன், அப்பா மார்க்கெட்டில் மூட்டை சுமக்கிறவர். ஆனால் அமர்வில் என்ன நடந்தது என்று அவனால் எழுத முடியவில்லை. தினமும் 'குழந்தை நன்றாக ஒத்துழைத்தான்' என்று ஒரே வரி. எதை இலக்காக வைத்தோம், எத்தனை முறை வந்தது, எந்த உதவியோடு வந்தது, எதுவும் இருக்காது. பாடத் திட்டம் மற்ற இருவரிடமிருந்து எடுத்ததாக இருக்கும். எனக்கு இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. தெரிந்தும், "பரவாயில்லை தம்பி, போகப்போக வந்துவிடும்" என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். கஷ்டப்பட்டு வந்த பிள்ளையின் மனதை நோகடிக்கக் கூடாது என்று நினைத்தேன். அதை அன்பு என்றே நம்பினேன்.

எட்டாவது வாரம் கல்லூரிக்கு மதிப்பீட்டுப் படிவம் அனுப்ப வேண்டியிருந்தது. உண்மையை எழுதினால் ஐந்து தலைப்புகளில் அவன் தேறமாட்டான். எழுதினேன். அவனை அழைத்துக் காட்டினேன். வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஏழு வாரமாகப் பரவாயில்லை என்றுதானே மேடம் சொன்னீர்கள்? சரியாகத்தான் செய்கிறேன் என்று அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன்" என்றான். சொல்லிவிட்டுத்தான் அழுதான். எனக்குப் பதில் இல்லை. அவனுக்குத் திருத்திக்கொள்ள ஏழு வாரம் இருந்தது. அதை நான் அவனிடமிருந்து எடுத்துவிட்டேன்.

கல்லூரிக்குப் போன் செய்தேன். முதலில், இதுவரை எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. பிறகு, "பையன் பாவம், பார்த்துப் போட்டுவிடுங்கள்" என்றார்கள். அது என்னால் முடியவில்லை. அடுத்த ஆண்டு அவன் தனியாக ஒரு குழந்தையின் முன்னால் உட்காரப் போகிறவன். இரண்டு வாரம் பேசிப் பேசி, அவனுக்கு மட்டும் நான்கு வாரம் நீட்டிக்க ஒப்புக்கொண்டார்கள்.

அந்த நான்கு வாரத்தில் அவனுக்கு நான் ஒரே ஒரு வேலைதான் கொடுத்தேன். பெற்றோர் சம்மதத்தோடு மைய போனில் எடுத்த பத்து நிமிட வீடியோவைப் பார்த்து, குழந்தை தானாக எத்தனை முறை எதையாவது தெரிவித்தான் என்று எண்ண வேண்டும். முதல் நாள் அவன் மூன்று என்றான், நான் பதினொன்று என்றேன். மறுபடி ஓட்டினோம். குழந்தை அலமாரியைப் பார்க்கிறான், மாணவனின் சட்டைக் கையைப் பிடித்து இழுக்கிறான், மறுபடி அலமாரியைப் பார்க்கிறான். "சட்டையைப் பிடித்து இழுப்பது பேச்சா மேடம்?" என்று கேட்டான். பேச்சு இல்லை, ஆனால் குழந்தை உன்னிடம் கேட்டுவிட்டான், நீ கவனிக்கவில்லை என்றேன். இன்னொரு முறை ஓட்டச் சொன்னான். அன்று அந்த வீடியோவை ஐந்து முறை பார்த்தோம். மூன்றாவது வாரம் முடியும்போது அவன் எண்ணிக்கைக்கும் என் எண்ணிக்கைக்கும் ஒன்றிரண்டுதான் வித்தியாசம். எண்ணிக்கை வந்ததும் இலக்கு எழுத வந்தது, இலக்கு வந்ததும் அறிக்கை வந்தது. கையைப் பிடித்து ஒரு படியில் நிறுத்தினால் மேலே ஏறக்கூடியவன். அந்தப் படியை இரண்டாவது வாரமே காட்டியிருக்கலாம்.

இதெல்லாம் முடிந்தபிறகுதான் மேற்பார்வையைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். ஜீன் ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1988-லேயே இதை எழுதிவைத்திருக்கிறார். தொடக்கத்தில் மேற்பார்வையாளர் நேரடியாகச் சொல்லித்தர வேண்டும், நடுவில் இருவரும் சேர்ந்து யோசிக்க வேண்டும், கடைசியில் மாணவர் தன்னைத் தானே மதிப்பிடும் நிலைக்கு வர வேண்டும். காலண்டரைப் பார்த்து நகர்த்தக் கூடாது, ஆளைப் பார்த்து, வேலையைப் பார்த்து நகர்த்த வேண்டும். ஒரே மாணவர் குழந்தைகளோடு மூன்றாம் நிலையிலும், விழுங்கல் சிக்கலில் முதல் நிலையிலும் இருக்கலாம். நான் மூவரையும் முதல் நாளே இரண்டாம் நிலையில் நிறுத்தியிருந்தேன். நல்ல தெரபிஸ்ட்டாக இருந்தால் கற்றுக்கொடுக்கவும் வந்துவிடும் என்று நம்பியதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

இப்போது இரண்டாவது வாரத்து வெள்ளிக்கிழமை ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் ஒதுக்குகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறோம். முதலில் மாணவர் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், பிறகுதான் நான். என்ன நன்றாக இருக்கிறது, எது போதவில்லை, எந்தத் தேதிக்குள் எதை நான் பார்க்க வேண்டும் என்று ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம், ஒரு நகல் அன்றே கல்லூரிக்குப் போகிறது. 'உனக்குக் கவனம் போதாது' என்று எழுதமாட்டேன். 'செவ்வாய்க்கிழமை குழந்தை பதினொரு முறை கேட்டான், மூன்றுதான் எழுதியிருக்கிறாய்' என்று எழுதுவேன். முதலாவது ஆளைக் குத்தும். இரண்டாவதை வைத்துக்கொண்டு புதன்கிழமையே வேலையைத் தொடங்கலாம்.

அந்தப் பையன் தேறிவிட்டான். பதிவும் வாங்கிவிட்டான், வேறு ஊரில் ஒரு சிறப்புப் பள்ளியில் வேலை. சென்ற மாதம் போன் செய்தான். அங்கே இவனிடம் இரண்டு மாணவர்களை அனுப்பப் போகிறார்களாம், நான் வைத்திருக்கும் தாளின் நகலை அனுப்ப முடியுமா என்று கேட்டான். சுவரில் ஒட்டிய தாளையும் சேர்த்து அனுப்பினேன். எனக்கும் ஜூன் மாதம் மாணவர்கள் வருகிறார்கள். மூன்று பேரை அனுப்பட்டுமா என்று கல்லூரியில் கேட்டார்கள். இரண்டு பேர் போதும் என்று சொல்லிவிட்டேன்.